மூன்று மணி நிழல்

கூத்தன்பொட்டலுக்குத் தெற்கே, சண்டைக்காலத்தில் பட்டாளத்தார் போட்டுவிட்டுப் போன விமான ஓடுதளத்தின் மேல், தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு குண்டு விமானத்தின் நிழல் வந்து விழும். மேலே விமானம் இருக்காது. சூரியன் எந்த மூலையில் நின்றாலும் சரி, கார்த்திகை மேகம் கவிந்து கிடந்தாலும் சரி, பள்ளிக்கூடத்து மணி மூன்று அடித்து ஓய்வதற்குள், நாலு எஞ்சின், நீண்ட இரண்டு இறக்கை, பின்னால் இரட்டை வால் என்று ஓர் அங்கம் குறையாமல் வந்து படிந்து, ஆறு மணிவரை அசையாமல் கிடந்துவிட்டு, வீடுகளில் விளக்கேற்றும் நேரத்துக்குக் கிளம்பிப் போய்விடும். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அது லீவு போட்டதில்லை என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள்.

அது யாருடைய நிழல் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. நாற்பத்துநாலாம் வருஷம் பங்குனி ஏழாம் தேதி விடிகாலையில் அங்கிருந்து கிளம்பி, பர்மாப் பக்கம் கடலுக்கு மேலே போன விமானம் ஒன்று, பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்ப வேண்டியது, திரும்பவில்லை. சண்டை முடிந்து பட்டாளம் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு போனபின், ஒரு பங்குனி ஏழாம் தேதி மூன்று மணிக்கு நிழல் மட்டும் வந்து சேர்ந்தது. முதலில் ஆடுகள் போய் அதில் படுத்தன. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டு ஆட்டுக்காரர்கள் போய் உட்கார்ந்தார்கள், அவர்களுக்குச் சோறு கொண்டுபோன பெண்கள் அப்படியே காலை நீட்டினார்கள், ஒரு மாதத்துக்குள் ஊரே அங்கே குடியேறிவிட்டது. உடைமரமும் பனையும் தவிர வேறு எதுவும் முளைக்காத காட்டில், பனை நிழல் ஒரு ஆளுக்கே காணாத காட்டில், அத்தனை பெரிய நிழல் சும்மா கிடைக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று யார் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பார்கள்?

வலது இறக்கையில் ஆண்கள் தாயக்கட்டம் உருட்டினார்கள். இடது இறக்கையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றினார்கள். மூக்குப் பகுதியில் ஊர்க்கூட்டம் நடந்தது. வால் பகுதியில், காற்று நன்றாக வரும் என்று, கைக்குழந்தைக்காரிகள் பாய் விரித்தார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் ‘பிளேன் பொட்டல், வலது இறக்கை, மாலை மூன்று மணிக்கு மேல்’ என்று அச்சடித்தார்கள். ராகுகாலம் எமகண்டமெல்லாம் அதற்குத் தகுந்தமாதிரி ஒதுங்கிக்கொண்டது. வெளியூரிலிருந்து பெண் கேட்டு வருகிறவர்கள் தண்ணீர் இல்லாத ஊர் என்று முகம் சுளித்தால், நிழல் இருக்கிற ஊர் என்று பதில் சொல்லும் தைரியம் கூத்தன்பொட்டலுக்கு வந்தது. அந்த நிழலில் பிறந்து, அந்த நிழலில் தவழ்ந்து, அந்த நிழலிலேயே தாலி கட்டிக்கொண்டவர்கள் இன்றைக்கும் சென்னையிலும் சூரத்திலும் குளிரூட்டிய அறைகளில் உட்கார்ந்துகொண்டு, மூன்று மணியானால் ஒரு நிமிஷம் கையிலிருக்கும் வேலையை நிறுத்துகிறார்கள்.

ஊரும் நன்றி கெட்ட ஊராக இருக்கவில்லை. மாசிலாமணி வாத்தியார் வேலைக்கு வந்த புதிதில் ராணுவ அலுவலகத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டு, விமானத்தில் போன எட்டுப் பேருடைய பெயரையும், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்ற படத்தையும் வாங்கிவிட்டார். அன்றிலிருந்து எட்டுக் குடும்பங்கள் ஆளுக்கொருவரை எடுத்துக்கொண்டன. பங்குனி ஏழாம் தேதி பொங்கல் வைத்து, நிழலுக்குள் அவரவர் ஆளின் இடத்தில் வாழையிலை போட்டுப் படைப்பார்கள். வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்து, ‘ஹார்ட்லி’ என்று முதல் பெயரைக் கூப்பிடுவார். விமானியை எடுத்துக்கொண்ட குடும்பத்தின் மூத்தவர் எழுந்து நின்று, ‘உள்ளேன் ஐயா’ என்பார். இப்படி எட்டுப் பெயருக்கும் எட்டுக் குரல். தங்கள் ஆளின் பெயரைப் பிள்ளைகளுக்கும் வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் புரோட்டா போடும் ஹார்ட்லி முத்தையாவும், தலையாரி மெக்கே பாண்டியும் அந்த வகையில் வந்தவர்கள்தான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, இடது இறக்கையின் நுனியிலிருந்து ஓர் எட்டு தள்ளி, சுள்ளென்ற வெயிலில், செண்பகவடிவு மோர் விற்றுக்கொண்டிருந்தாள்.

அவளை நிழலுக்குள் விடுவதில்லை என்பது ஊர்க் கட்டுப்பாடு. அவளுடைய அப்பா குற்றாலிங்கம் கோவில்பட்டிப் பஞ்சு மில்லில் எஞ்சின் பார்த்தவர். பட்டாளம் வந்தபோது விமானப்படையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். அந்தப் பங்குனி ஏழாம் தேதி காலையில் வேலைக்குப் போனவர் சாயங்கால ஆஜருக்கு நிற்கவில்லை. ‘அனுமதியின்றிப் பணியை விட்டு ஓடிப்போனவர்’ என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. வடிவுக்கு அப்போது ஒரு வயது. ஊரில் ஒரு விமானம் முழுக்க ஆட்கள் திரும்பாமல் போன அதே நாளில் ஒருத்தன் பயந்து ஓடினான் என்றால், அவன் வீட்டாருக்கு எவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட நிழலில் ஒரு ஓரமாக இடம் கிடைத்திருக்கும். வடிவுக்கு ஏழு வயதிருக்கும்போதுதான் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். விமான நிழலுக்குள் நுழைந்தால் எல்லாருடைய நிழலும் காணாமல் போய்விடும். நிழலுக்குள் ஏது நிழல்? வடிவுடைய நிழல் மட்டும் போகவில்லை. அடர்ந்த கறுப்பாக அவள் காலடியிலிருந்து நீண்டு, அவள் எங்கே நின்றாலும், இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்குப் பின்னால் போய் ஒரே இடத்தில் முட்டுக்குத்தி உட்கார்ந்துகொள்ளும். அவள் ஓடினால் அது ஓடாது. அவள் அழுதபோது அது அசையவில்லை. அன்று மூக்குப் பகுதியில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஓடிப்போனவன் மகளை அந்த விமானம் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால்தான் அவள் நிழலைத் தனியாகப் பிரித்து ஒதுக்குகிறது என்று முடிவாயிற்று. எல்லாரும் அதை நம்பினார்கள். வடிவும் நம்பினாள், அதுதான் கொடுமை.

அவள் அம்மா வெள்ளத்தாய் மட்டும் எதையும் நம்பவில்லை, எதையும் மறுக்கவுமில்லை. சாகிறவரைக்கும் தாலியைக் கழற்றவில்லை. ஒருமுறை வடிவு கேட்டாள், “எம்மா, அய்யா ஓடித்தாம் போனாவளா? நீ என்னதாம்மா நெனைக்க?”

“ஓடிப் போயிருந்தா எங்கயாச்சும் உசுரோட இருக்காவன்னு அர்த்தம். செத்திருந்தா மானமா செத்தாவன்னு அர்த்தம்” என்றாள் வெள்ளத்தாய். “இதுல எதக் கேட்டு நான் சாமிகிட்ட கும்பிட?”

அம்மா போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியும் வடிவுக்கு அந்தக் கேள்வி தீரவில்லை. கல்யாணமும் கூடிவரவில்லை. பதினெட்டு வயதில் மோர்க்கடை போட்டபோது, ஓலை வேய நாலு கம்பு வேண்டியிருந்தது. மூன்று உடைக்கம்பும் ஒரு பூவரசங்கம்பும் கிடைத்தன. மோர்ப்பானை கழுவிய தண்ணீரை அவள் தினமும் ஊற்றியதில் பூவரசங்கம்பு துளிர்த்துவிட்டது. பிடுங்கிப் போட மனசு வரவில்லை. அது வளர்ந்து, ஓலையைப் பிய்த்துக்கொண்டு மேலே போய், மஞ்சள் பூப் பூத்து, கடையே அதன் காலடியில் இருக்கும்படி ஆகிவிட்டது. ஊரார் நிழலிலிருந்து எழுந்துவந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு நிழலுக்கே திரும்பிப் போவார்கள். அவள் மரத்தை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

விமானம் போய் ஐம்பதாவது பங்குனியில், ஓய்வு பெற்று எழுபத்தைந்து வயதான மாசிலாமணி வாத்தியாரின் கடிதங்களுக்குப் பலன் கிடைத்தது. எட்டுப் பேரில் ஐந்து பேருடைய உறவினர்கள் கடல் கடந்து வருகிறார்கள் என்று தகவல் வந்தது. கூடவே, அதே படைப்பிரிவில் இன்னொரு விமானத்தில் வால் துப்பாக்கிக்காரராக இருந்து உயிரோடு ஊர் திரும்பிய பார்லோ என்ற பெரியவரும் வருகிறார். ஊர் கூடி ஆறடிக் கருங்கல் வாங்கி, எட்டுப் பெயரையும் தமிழில் செதுக்கி, பொட்டலின் மேற்கு ஓரத்தில் நட்டார்கள். வடிவு கல்லைப் பார்க்கப் போகவில்லை. கல்தச்சர் அவள் கடைக்கு மோர் குடிக்க வந்தபோது மட்டும், “கீழ எடம் மிச்சம் இருக்கா?” என்று கேட்டாள். “ஒரு வரிக்கு இருக்கும்” என்றார் அவர்.

பங்குனி ஏழாம் தேதி இரண்டரை மணிக்கு வேன் வந்தது. நாதஸ்வரம், மாலை, இளநீர் எல்லாம் ஆனது. விமானி ஹார்ட்லியின் தங்கை வினிஃப்ரெட், எழுபது வயது அம்மாள், வெயிலில் சிவந்த முகத்தோடு நின்று, அண்ணன் பெயர் கொண்ட புரோட்டாக் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பார்லோ மார்பில் பதக்கங்களைக் குத்தி, கைத்தடியை ஊன்றி, ஓடுதளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து மணி மூன்று அடித்தது. நிழல் வந்து படிந்தது.

வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பார்லோ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, வாத்தியார் அதை ஊருக்குச் சொன்னார்: “ஹார்ட்லி எப்பவும் நேரம் தவற மாட்டாராம்.”

பிறகு ஐந்து குடும்பத்தாரும் நிழலுக்குள் காலெடுத்து வைத்தார்கள். அப்போது நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். வினிஃப்ரெட்டின் நிழல் மறையவில்லை. அடர்ந்த கறுப்பாக அவள் காலடியிலிருந்து நீண்டு, மூக்குப் பக்கம் போய், இடதுபுறத்தில், விமானி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தது. விமானத்தில் போன இன்னொருவருடைய மகனின் நிழல் வாலுக்குப் போனது. ஒருவருடைய அக்காளின் நிழல் ரேடியோக்காரர் இடத்தில் குனிந்து உட்கார்ந்தது. ஐந்து நிழல்களும் வாழையிலை போட்டிருந்த அந்தந்த இடத்துக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தன. கூத்தன்பொட்டலுக்கு அதுவரை எந்த உறவுக்காரரும் வந்ததில்லை. ரத்த சொந்தம் வந்தால் என்ன நடக்கும் என்று ஊருக்கு எப்படித் தெரியும்?

ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் பூவரச மரத்தைத் திரும்பிப் பார்த்தது. வடிவு அகப்பையைப் பானைக்குள் விட்டபடி நின்றிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள். நாற்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் தன் நிழல் போய் முட்டுக்குத்திய இடம் அவள் கண்முன் வந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் கோமதிநாயகம், அவளைவிட எட்டு வயது மூத்தவர், அவளை நிழலைவிட்டு விரட்டிய கூட்டத்தில் தன் அப்பாவுக்குப் பின்னால் நின்றவர், வேட்டியை மடித்துக் கட்டியபடியே அவளிடம் நடந்துவந்தார்.

“எளா வடிவு, உள்ள வா” என்றார்.

“வேண்டாம் அண்ணாச்சி.”

“தப்பு எங்க மேலதான் தாயி. தெரியாம செஞ்சுட்டோம். வந்து நில்லு.”

“நான் கோவத்துல சொல்லல” என்றாள் வடிவு. “இத்தன நாளும் ஓடிப்போனவன் மவளுன்னு சொன்னிய. ஏச்சுதான். ஆனாலும் எங்கயோ ஒரு ஊருல, எங்கய்யா வெத்தல போட்டுக்கிட்டு உக்காந்துருக்காவன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. எண்பத்தஞ்சு வயசுக் கெழவனா, காது கேக்காம. நான் இப்பம் உள்ள வந்தா அவிய செத்தவியளா ஆயிருவாவளே அண்ணாச்சி.”

கோமதிநாயகம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மரத்துக்கு வெளியே, வெயிலிலேயே நின்றார். அவர் அப்படி வெறுமனே நின்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து வடிவு அகப்பையைத் துடைத்துப் பானைமேல் வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், நாற்பத்துநாலு வருஷமாக எட்டி நின்ற அந்த ஓர் எட்டை எடுத்து வைத்தாள்.

அவள் நிழல் நீண்டு போய், இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்குப் பின்னால் முட்டுக்குத்தி உட்கார்ந்தது. ஒரு கை மேலே தூக்கி எதையோ பிடித்திருந்தது. பார்லோ கைத்தடியை ஊன்றி அந்த இடத்துக்குப் போனார். கீழே குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வாத்தியாரிடம் பேச ஆரம்பித்தார். வாத்தியார் ஒவ்வொரு வாக்கியமாக ஊருக்குச் சொன்னார்.

“ராத்திரி ரிப்பேர் பார்த்த எஞ்சினோட காலையில கிளம்பினா, ரிப்பேர் பார்த்த ஃபிட்டரையும் கூட்டிக்கிட்டுப் போற வழக்கம் இவங்க படைப்பிரிவிலே இருந்துச்சாம். சரியாயிடுச்சுன்னு கையெழுத்துப் போட்டியா, அப்ப நீயும் வான்னு விமானி கூப்பிடுவாராம். எந்த ஃபிட்டரும் மாட்டேன்னு சொன்னது இல்லையாம். கிளம்புறவங்க பேரை எழுதுற காகிதத்திலே எட்டுக் கோடுதான் அச்சடிச்சிருக்கும். ஒன்பதாவது ஆளை எழுத இடம் கிடையாது. எழுத மாட்டாங்களாம்.” வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அந்த இடத்திலே முட்டுக்குத்தி எண்ணெய்க் குழாயைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது ஃபிட்டர்தானாம். தானும் பலதடவை பார்த்திருக்கேன்னு சொல்றார்.”

வினிஃப்ரெட் வந்து வடிவின் கையைப் பற்றிக்கொண்டாள். இருவருக்கும் ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. இரண்டு பேரும் அழுதார்கள்.

வாத்தியார் பதிவேட்டைத் திறந்தார். ஹார்ட்லி என்று கூப்பிட்டார். இம்முறை புரோட்டாக் கடைக்காரரும் வினிஃப்ரெட்டும் சேர்ந்தே எழுந்து நின்றார்கள். அந்த அம்மாளுக்கு முத்தையா காதோடு சொல்லிக்கொடுக்க, அவள் உடைந்த தமிழில் ‘உள்ளேன் ஐயா’ என்றாள். எட்டுப் பெயரும் முடிந்தன. வாத்தியார் பேனாவை எடுத்து, எட்டாவது வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து நிதானமாக ஒரு கோடு போட்டார். அதன்மேல் எழுதினார். எழுதியதைத் தலை நிமிர்ந்து வாசித்தார்.

“குற்றாலிங்கம்.”

வடிவுக்கு அம்மாவின் தாலி ஞாபகம் வந்தது, வெற்றிலை போடும் கிழவர் ஞாபகம் வந்தது. அவரை மனசுக்குள் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். யாரும் அவளுக்குப் பதிலாகப் பதில் சொல்லவில்லை. ஊர் பொறுமையாகக் காத்திருந்தது.

“உள்ளேன் ஐயா” என்றாள்.

இத்தனை வருஷமாக அசையாத நிழல் அப்போது அசைந்தது. மங்கலாக இருந்த அதன் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாயிற்று. வயிற்றிலிருந்து சக்கரங்களின் நிழல் இறங்கியது. ஊரார் பாய்களையும் பீடித் தட்டுகளையும் வாரிக்கொண்டு வழி விட்டார்கள். நிழல் ஓடுதளத்தின் கிழக்குக் கோடிக்குப் போய்த் திரும்பி, மேற்கு நோக்கி ஓடிவந்து, மெல்லக் குறைந்து, கல் நட்டிருந்த இடத்தருகே நின்றது. நாலு எஞ்சினும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. அதிலிருந்து ஒன்பது சின்ன நிழல்கள் இறங்கின. எட்டு நிழல்கள் கை காலை உதறிக்கொண்டு நடந்தன. உறவினராக வந்தவர்களின் காலடிக்குச் சிலவும், தங்களை எடுத்துக்கொண்ட குடும்பங்களின் காலடிக்குச் சிலவும் போய்ச் சேர்ந்தன. ஒன்பதாவது நிழல் உடனே வரவில்லை. அது நாலு எஞ்சினையும் சுற்றிவந்து, ஒவ்வொன்றின் கீழும் நின்று அண்ணாந்து பார்த்து, திருப்தியான பிறகுதான் நடந்துவந்து வடிவின் காலடியில் சேர்ந்தது. வேலையில் அவ்வளவு கருத்தான மனுஷனைத்தான் ஓடிப்போனவன் என்று சொன்னார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்து மணி மூன்று அடித்தது. நிழல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கல்தச்சர் கல்லில் ஒன்பதாவது வரியைச் செதுக்கி முடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார், வெறும் வானம். தாயக்கட்டைகளோடும் பீடித் தட்டுகளோடும் கைக்குழந்தைகளோடும் ஊர் பொட்டலின் நடுவில் வந்து நின்றது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் உச்சந்தலையில் வெயில் பட்டது. யாரும் வடிவைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கே போய் உட்காருவது என்று யாருக்கும் தெரியவில்லை.

பொட்டல் முழுவதிலும் நிழல் தரும்படி ஒரே ஒரு மரம்தான் இருந்தது. முப்பத்துமூன்று வருஷம் மோர்த் தண்ணீர் குடித்த மரம், சுற்றிலும் அறுபது பேர் உட்காரும்படி விரிந்து கிடந்தது. ஊர் அதன் விளிம்புவரை வந்து, ஓர் எட்டு முன்னால், வெயிலிலேயே நின்றுவிட்டது. கூப்பிடாமல் உள்ளே போக யாருக்கும் கால் வரவில்லை. முன்னால் நின்ற கோமதிநாயகம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

வடிவு அவர்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். பிறகு பானையைத் தன் பக்கமாக இழுத்து இடம் ஒதுக்கினாள்.

“என்ன அண்ணாச்சி வெயில்ல நிக்கிய? கைப்பிள்ளக்காரியள முதல்ல உள்ள விடுங்க.”